பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைத்தால் நாளைக்கு வேலைக்கு என்ன காட்டுவான்?

2 ஜூன் 2025 – கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் கேட்டது

இன்று இங்கே பள்ளி திறந்துவிட்டது. மகன் ஆறாம் வகுப்பு. அனுப்ப மனமில்லை. பள்ளிக்கூடம் பிள்ளையை வாழ்க்கைக்குத் தயார் செய்வதில்லை, வீடுதான் செய்யும் என்பது என் கருத்து. ஆனால் மாமனார், "சர்டிபிகேட் இல்லாதவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?" என்கிறார். வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு

நான் வைத்தேன். இரண்டு பேரை. மூத்தவளுக்கு இப்போது 20, இளையவனுக்கு 16. கேரளப் பக்கம், இடுக்கி மலையில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கம்பம்மெட்டு வழியாகக் கீழே தமிழ்நாட்டுக்கு இறங்கினால் கம்பத்தில் என் பிறந்த வீடு.

முதலில் உங்கள் கருத்தைப் பற்றி. வீடு தயார் செய்யும் என்பது பாதி உண்மை. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆனது.

நாங்கள் கொள்கைக்காக நிறுத்தவில்லை. மூத்தவள் கம்பத்தில் அம்மா வீட்டில் இருந்து மூன்றாவது வரை தமிழில் படித்தாள். மேலே கூட்டி வந்து சேர்த்த பள்ளியில் எல்லாம் மலையாளம். எட்டு மாதம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நல்லவர்தான், அவரும் என்ன செய்வார்? காலையில் பஸ் சத்தம் கேட்டாலே வாந்தி. சரி, ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும் என்று நிறுத்தினோம். அது 2014. அந்த "ஒரு வருஷம்" இன்னும் முடியவில்லை.

3 ஜூன்

மாமனார் கேட்டதற்குப் பதில். சர்டிபிகேட் கிடைக்கும். என்.ஐ.ஓ.எஸ். என்று மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989-ல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பாடத்துக்கு 33 எடுத்தால் பாஸ். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தேர்வு. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. வருஷம் இரண்டு பாடமாக எழுதினாலும் முடித்துவிடலாம். இது வரம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கொடு என்று அரசைக் கட்டிப்போடுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டவர்கள் அங்கன்வாடி சேச்சியும் வார்டு மெம்பரும் மட்டும்தான். இரண்டு பேரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

3 ஜூன், மாலை

காலையில் ஐந்து பாடம் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர், "அப்ப கணக்கு இல்லாமலேயே பத்து முடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார், சந்தோஷமாக.

முடிக்கலாம். அதுதான் குழி. மூத்தவள் 2019-ல் கணக்கை விட்டுவிட்டு ஓவியமும் ஹோம் சயின்ஸும் எடுத்துத் தேறினாள். வீட்டில் பாயசம் வைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியனோ எதற்குப் போனாலும் பத்தாவதில் கணக்கு, அறிவியல் கேட்பார்கள் என்று. அவள் அதற்கெல்லாம் போகவில்லை, அது வேறு விஷயம். ஆனாலும் 2021 அக்டோபர் தேர்வில் கணக்கைத் தனியாக எழுத வைத்தேன். கதவை நாமே சாத்திவிட்டு "பிள்ளைக்கு அதில் விருப்பம் இல்லை" என்று சொல்லக்கூடாது.

எட்டாவது போதும் என்கிற ஐ.டி.ஐ. பிரிவுகளும் உண்டு, வயர்மேன் மாதிரி. அதற்கும் எட்டாவது படித்ததற்குத் தாள் வேண்டும். திறந்தநிலையிலேயே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு ஈடாக ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. உங்கள் மகன் ஆறாவது என்றால் இதை இப்போதே மனதில் வையுங்கள்.

7 ஜூன்

கொழிஞ்சாம்பாறைக்காரர் தமிழ்நாட்டு அரசு வேலை பற்றியும் கேட்டிருக்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கத்து வேலைக்கு ஆசைப்படுவது நம் பிறவி வழக்கம்.

அங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு 2010-ல் வந்தது. 2020-ல் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தமிழில்தான் படித்தோம். அடுப்படிக்கு முத்திரை கிடையாது. ஆக அந்த ஒதுக்கீட்டைக் கணக்கில் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில், இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கேரள பி.எஸ்.சி. வேலைகள் அறிவிப்பது உண்டு. அதற்கு இரண்டு மொழியும் எழுதத் தெரிய வேண்டும். 2017 சட்டப்படி இங்கே பள்ளிகளில் மலையாளம் கட்டாயம், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சில சலுகைகள் உண்டு. வீட்டில் வைத்தால் கட்டாயம் இல்லை, அதனாலேயே சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடும் ஆபத்து அதிகம்.

என் பிள்ளைகளுக்கு மலையாளம் வந்தது பக்கத்து வீட்டுச் சேச்சியாலும் அக்ஷயா என்கிற கேரள இ-சேவை மையத்தாலும். ரேஷன் கார்டு, வரி, வருமானச் சான்று எதுவாக இருந்தாலும் பதினோரு வயதிலிருந்து பிள்ளைகளைத்தான் அனுப்பினேன். படிவத்தைத் தப்பாக நிரப்பித் திரும்பி வந்தால் திட்ட மாட்டேன், மறுபடி அனுப்புவேன். பத்து வயது ஆன பிள்ளை வங்கிக் கணக்கைத் தானே நடத்தலாம் என்பதால் அதையும் திறந்துகொடுத்தேன். செலான் நிரப்பத் தெரியாமல் கல்லூரி முடித்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

7 ஜூன், சும்மா ஒன்று

படிவம் என்றதும் ஞாபகம் வந்தது. கம்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இனிஷியல் முன்னால் வரும். மலை ஏறினால் பின்னால் போய்விடும். இளையவனுக்குப் பிறப்புச் சான்றில் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. ஒரு கணினி மையத்தில் அதை விரித்து அப்பா பேரையும் முழுசாகச் சேர்த்து நாலாவது ஆளை உண்டாக்கினார்கள். வீட்டில் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் பாடப் புத்தகத்துக்கு முன்னால் பேரைச் சரி செய்யுங்கள். பள்ளியில் இதை ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் ஆபீசும் நீங்கள்தான்.

11 ஜூன்

இன்று 11-ம் தேதி. மூத்தவள் பேச மாட்டாள். கம்பத்தில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலை அவளுக்கு. 11-ல் ஒன்று, 20-ல் ஒன்று. வியாபாரி பில்லைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தேதி தேதிதான்.

அவள் முதன்முதலில் வேலைக்குப் போன கதையைப் பிறகு எழுதுகிறேன்.

15 ஜூன்

மழை. கரண்ட் இல்லை. போனில் இருக்கிற சார்ஜில் எழுதுகிறேன்.

என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், பாடத்திட்டம் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பாடத்திட்டம் ஏலக்காய். சிரிக்காதீர்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. நூறு கிலோ கொண்டுபோனால் இருபது கிலோ வர வேண்டும், பதினெட்டு வந்தால் மீதி இரண்டு கிலோ எங்கே? காய் முற்றவில்லையா, மழை ஈரமா, ஸ்டோர்க்காரர் கையா? சதவீதம் என்கிற வார்த்தை தெரியும் முன்பே இரண்டு பேருக்கும் சதவீதம் தெரியும். சன்னமான காய்க்கு ஒரு விலை, 8 மில்லிமீட்டர் காய்க்கு வேறு விலை. புற்றடியிலும் போடியிலும் ஒரே சமயத்தில் ஏலம் ஓடும் முறை வந்தபின் விலையைத் திரையில் பார்த்து சராசரி போட்டார்கள்.

இன்னொன்று முல்லைப் பெரியாறு அணை. மூத்தவளுக்கு 12 வயது இருக்கும்போது கீழே அம்மா வீட்டில் பென்னிகுக் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதே வாரம் மேலே சேச்சி வீட்டில், அணை உடைந்தால் நம் கதி என்ன என்று பேச்சு. "யார் சொல்றது சரி?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது, அணை ஒப்பந்தத்தைப் பற்றிப் படிப்போம் என்றேன். 1886-ல் எழுதியது, 999 வருஷக் குத்தகை. கூட்டிப் பார்த்து 2885 என்றாள். சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக 40,000. 1970-ல் அதை ஏக்கருக்கு 30 ஆக்கினார்கள், ஆக 2,40,000. "எண்பத்து நாலு வருஷம் அஞ்சு ரூபாயே இருந்துச்சா? எழுதும்போதே யாரும் யோசிக்கலையா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பத்திரத்தை அவள் வாங்கிப் படித்துவிட்டு, நிழல் மரத்துக் கிளை வெட்டும் கூலி யார் தலையில் என்று இதில் இல்லையே என்றாள். இல்லைதான். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கூலிக்குத்தான் தோட்டத்துச் சொந்தக்காரரோடு சண்டை வந்தது.

இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். வீடு தயார் செய்யும் பாதி இதுதான்.

15 ஜூன், கரண்ட் வந்தபின்

மற்றப் பாதி. மூத்தவள் 2022-ல் பன்னிரண்டாவது முடித்ததும் குமுளியில் சுற்றுலாக்காரர்களுக்கு மசாலா விற்கும் ஒரு கடையில் கணக்குக்குச் சேர்ந்தாள். ஒன்பது நாளில் நின்றுவிட்டாள். முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார் என்றாள். வீட்டில் யாரும் அவளைக் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. அதனால்தான் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். திட்டு வாங்கப் பழகாத பிள்ளையை வளர்த்துவிட்டோம் என்று மூன்று வருஷமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

16 ஜூன்

மூத்தவள் இதைப் படித்துவிட்டாள். அவள் சொன்ன திருத்தங்கள்:

ஒன்பது நாள் இல்லை, பதினோரு நாள். ஓவியம் எடுத்தது விருப்பம் இல்லாததால் இல்லை, கணக்கு என்றால் நான் பக்கத்தில் வந்து உட்காருவேன், அது பிடிக்காமல்தான். அப்புறம், முதலாளி திட்டவே இல்லை.

ஒன்பதரைக்குக் கடை. மூன்று நாள் தூங்கிவிட்டுப் பத்தரைக்குப் போயிருக்கிறாள். முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் இவள் போவதற்குள் வேறு ஒருத்தரை உட்கார வைத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காரு மோளே", மகளே, என்றுதான் சொன்னாராம். அந்த "மோளே" தாங்காமல் மறுநாளிலிருந்து போகவில்லை. என்னிடம் திட்டினார் என்று சொல்லிவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்து இங்கே எழுதியதால் தெரிந்துகொள்கிறேன். அந்த மனிதரை எத்தனை பேரிடம் குறை சொல்லியிருக்கிறேன்!

16 ஜூன், ராத்திரி

தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லாத் தேதியும் நகரும். மழை என்றால் பாடம் நாளைக்கு. விருந்தாள் என்றால் அடுத்த வாரம். காய் எடுப்பு என்றால் அடுத்த மாதம். தேர்வே ஒன்பது வாய்ப்பு. அதை வரம் என்றேன் இல்லையா, அதைத்தான் சொல்ல வந்தேன். நகராத தேதி என்று ஒன்று இருப்பதை அந்தப் பிள்ளை 17 வயதில், ஒரு கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபோது, முதல் முறையாகப் பார்த்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் நல்லது என்ன என்று இதுவரை யார் கேட்டாலும் நண்பர்கள் என்று சொல்வேன். இப்போது கேட்டால் மணி என்பேன். மணி அடிக்கிற ஆளுக்கு உங்கள் பிள்ளை மேல் பாசம் கிடையாது.

20 ஜூன்

இன்று 20. அவள் பேச மாட்டாள்.

14 ஜூலை

"உங்கள் தினசரி கால அட்டவணையைப் பகிர முடியுமா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மேலே எழுதியதைப் படித்தபிறகுமா? பகிர்கிறேன். காலை 6, எழுந்திருக்க வேண்டும் என்று பேசுவது. காலை 8, எழுந்திருப்பது.

9 ஆகஸ்ட்

காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வரும் பெண்களில் ஒரு அக்கா பத்து வருஷமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர். இளையவன் சரத்துக்கிடையில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் அவனுடைய படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா கையை நிறுத்தாமல் சொன்னார்: "ஒங்க புள்ள வீட்ல இருந்தா அதுக்கு ஒரு பேரு இருக்கு. எம்புள்ள வீட்ல இருந்தப்ப டீச்சர் வந்து ட்ராப் அவுட்டுனு எழுதிட்டுப் போனாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம், ஆனால் பள்ளி நேரம் போக அல்லது விடுமுறையில் என்று இருக்கிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? என் பிள்ளைகள் 10, 11 வயதில் காய் எடுத்தபோது அதைக் "கற்றல்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அந்தக் கற்றலுக்குக் கூலி கொடுத்தேனா என்று கேட்டால், இல்லை.

ஏலக்காய்தான் பாடத்திட்டம் என்று ஜூனில் எழுதியதை அழிக்கவில்லை. ஆனால் அதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதற்குச் சிலர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதல் வேண்டாம். மூத்தவள் இரண்டு வருஷத்துக்குக் கூலி கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள். வட்டியோடு.

24 ஆகஸ்ட்

இளையவனைப் பற்றி எழுதவே இல்லை என்று அவனே புகார்.

அவன் 14 வயதில் கம்பத்தில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கட்டும் ஒரு வைண்டிங் கடைக்கு வாரத்துக்கு இரண்டு நாள் போக ஆரம்பித்தான். ஸ்டோர் மோட்டார் எரிந்துபோய்க் கொண்டுபோனபோது, கடைக்கார அண்ணன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். நான் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தும் ஏறாத பின்னம் அங்கே ஒரே மாதத்தில் ஏறியது. மோட்டாருக்குள் கம்பி வைக்க 36 பள்ளம், 4 போல் (காந்த முனை), போலுக்கு 9 பள்ளம், அதை மூன்று பேஸுக்குப் பிரித்தால் மும்மூன்று. 120-ஐ நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸால் பெருக்கி நாலு போலால் வகுத்தால் நிமிஷத்துக்கு 1500 சுற்று. ஓடும்போது அதற்குக் கொஞ்சம் குறையும், ஏன் குறையும் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

ஆனால் அவன் அங்கே படித்தது பின்னம் மட்டும் இல்லை. ஒரு கம்பிச் சுருளில் சுற்று எண்ணிக்கை தப்பினால் அண்ணன் கத்தரியை எடுத்து மொத்தத்தையும் வெட்டிவிடுவார். அரை நாள் வேலை போச்சு. "அம்மாகிட்ட காட்டுனா பரவால்ல விடுன்னு சொல்லிருப்பீங்க" என்றான். உண்மைதான், சொல்லியிருப்பேன். மறுநாள் நம் மோட்டார்தான் எரிந்திருக்கும்.

பத்தாவதுக்கு இந்த அக்டோபரில் மூன்று பாடம் பாக்கி. கணக்கும் அறிவியலும் அதில் உண்டு. முடித்தால் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் என்கிறான். அண்ணன், "கடைக்கு வா, சம்பளம் தர்றேன், ஆனா தாளையும் வாங்கிரு, லைசென்சுக்குக் கேப்பான்" என்று சொல்லிவிட்டார். மாமனார் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். கொழிஞ்சாம்பாறைக்காரர் கவனிக்க.

6 செப்டம்பர்

ஒரு எச்சரிக்கை. திறந்தநிலையில் வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புக்கு 20 சதவீதம் மதிப்பெண் உண்டு. மூத்தவளுடையதை ஒரு படிப்பு மையத்தில் கொடுத்தோம், தொலைத்துவிட்டார்கள். மையத்தின் பேர் வேண்டாம். கொடுத்ததற்குச் சான்று கேட்டார்கள், என்னிடம் இல்லை. எதைக் கொடுத்தாலும் படம் எடுத்து வையுங்கள்.

21 செப்டம்பர்

கொழிஞ்சாம்பாறைக்காரர் மகனை நிறுத்தவில்லையாம். பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் போடும் ஆளோடு அனுப்புகிறாராம். "உங்களைப் படித்துப் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். பயந்திருந்தால் தப்பில்லை.

மறுபடி செய்வீர்களா என்று கேட்டிருக்கிறார். மூத்தவளுக்கு, செய்வேன். அந்த வாந்தியைப் பார்த்தவள் நான். இளையவனுக்கு அப்படி ஒரு காரணமும் இருக்கவில்லை. அக்கா வீட்டில் இருக்கிறாள், இவனும் இருக்கட்டும் என்று இருந்துவிட்டான். அவனைக் கேட்கவில்லை. இன்று கேட்டேன். "இப்ப கேட்டு?" என்றான்.

16 அக்டோபர்

நாளைக்குக் கணக்குத் தேர்வு. மையம் கோட்டயம் பக்கம் விழுந்திருக்கிறது. மத்தியானம் இரண்டரைக்குத்தான் தொடங்கும், ஆனால் நாலரை மணி நேரப் பயணம், மழையில் எங்காவது மண் சரிந்தால் கூடவும் ஆகலாம். ஆறு மணி பஸ்ஸை விட்டால் நம்பிப் போக முடியாது. ஹால் டிக்கெட்டில் இனிஷியல் பின்னால் வந்திருக்கிறது. கையெழுத்தையும் அப்படியே போடப் பழகிவிட்டான்.

நான் எழுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். மூத்தவள் கம்பத்திலிருந்து போன் போட்டு எழுப்பக்கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கியாச்சு.

17 அக்டோபர்

மூன்றரையிலிருந்து விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். நாலே முக்காலுக்கு அவன் அறையில் அலாரம் அடித்தது, நின்றது. ஐந்துக்கு மறுபடி அடித்தது, நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. வீட்டுக்காரர் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்துவிடக்கூடாது என்று.

ஐந்தரைக்கு மேல் தாங்க முடியாமல் எழுந்து போய்ப் பார்த்தேன். படுக்கை காலி. வாசலில் குடையும் செருப்பும் இல்லை. கட்டி வைத்த புளிசோறு மட்டும் மேசைமேல் அப்படியே இருந்தது.